பூட்டுக்குள் ஒரு ஓட்டு

காலை 10.05.

கதவு காற்றில் சாத்திக்கொண்டது என்றுதான் நதியா முதலில் நினைத்தாள். அடுத்த நொடி வெளியே நாதாங்கி விழுந்தது. அதற்கடுத்த நொடி பூட்டு அழுந்திய சத்தம். காற்று கதவைச் சாத்தும். பூட்டாது.

"யாருப்பா அது? உள்ள ஆள் இருக்குது."

தகரக் கதவை உள்ளங்கையால் தட்டினாள். பக்கத்து அறையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முப்பது தொண்டைகளும் ஒன்றாகச் சேர்ந்து கத்தினால் பக்கத்தில் இடி விழுந்தால்கூடக் கேட்காது.

அரசமரத் தெரு தொடக்கப் பள்ளியின் கடைசி அறை அது. உடைந்த பெஞ்சுகள், பழைய புத்தகக் கட்டுகள், எலிப் புழுக்கை. ஜன்னல் கிடையாது. உயரத்தில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம்.

நதியா அந்த வார்டு கவுன்சிலர். ரிசர்வ் ஆன வார்டில் நின்று ஜெயித்தவள். பதினோரு மணிக்கு மாமன்றக் கூட்டம். இந்தப் பள்ளியை மூடி, பிள்ளைகளை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டு, இந்த மைதானத்தைக் கோயிலுக்கு வரும் சுற்றுலா பஸ்கள் நிற்கக் கொடுப்பது என்று ஒரு தீர்மானம். கொண்டுவந்தது அவளுடைய கட்சியேதான். எண்ணிப் பார்த்ததில் அவளை விட்டால் இரண்டு பக்கமும் சமம்; சமமானால் மேயரின் ஓட்டு கட்சி பக்கம்தான். நதியாவின் கை எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம் ஜெயிக்கும்.

'பள்ளிக்கூடத்தை மூட விடமாட்டேன்' என்று போன வாரம் இதே மைதானத்தில் பெற்றோர்கள் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று கூட்டத்துக்குப் போகும் வழியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினாள். எப்போதும் பூட்டியே கிடக்கும் அறை திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தவள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். நிலைக்கு மேலே சரஸ்வதி படம் மாட்டியிருந்தது. அதனால் கழற்றினாள்.

போன்? அது கணவன் லோகேஸ்வரனிடம். ஜெயித்த நாளிலிருந்து அவனிடம்தான். தெருவில் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கவுன்சிலர் வீட்டுக்காரர்'தான்.

நதியா தரையில் குப்புறப் படுத்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. கன்னத்தைச் சிமெண்டில் ஒட்டவைத்துப் பார்த்தால் தாழ்வாரம் ஒரு பட்டையாகத் தெரிந்தது. எதிர்ச் சுவரோரம் பிள்ளைகளின் செருப்புகள், அவற்றோடு டீச்சர்கள் செருப்புகளும்.

வாசலில் அவள் விட்ட செருப்பைக் காணவில்லை.

தெரியாமல் பூட்டியவன் செருப்பை ஏன் எடுக்கிறான்? உள்ளே ஆள் இருப்பது தெரிந்து பூட்டியிருக்கிறார்கள். வேறு யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று செருப்பையும் அப்புறப்படுத்தியிருக்கிறார்கள்.

பதினோரு மணி வரைக்கும் அவள் இங்கேயே கிடந்தால் போதும்.

காலை 10.20.

எழுத்துப் பாடம் ஓய்ந்ததும் முதலில் வந்தவை இரண்டு வெறுங்கால்கள். குதிகால் வெடித்த கால்கள். பள்ளியைப் பெருக்கும் கங்கையம்மாள்.

"யம்மா, நீயா உள்ள? நான் பெருச்சாளின்னு இல்ல நெனச்சேன்."

"நீங்கதான் தொறந்து வெச்சீங்களா?"

"பினாயிலு எடுக்கத் தொறந்தேன். அப்டியே கக்கூஸ் கழுவப் போய்ட்டேன். சாவிய கதவுலயே உட்டுட்டேன். இப்ப பூட்டுதான் தொங்குது, சாவியக் காணோமே."

கால்கள் ஓடின. சற்று நேரத்தில் நாலு ஜோடிக் கால்கள் கூடின. கங்கையம்மாளின் வெடித்த கால்கள். கட்சிக் கரை வேட்டிக்குக் கீழே பளபளக்கும் தோல் செருப்பு. வட்டச் செயலாளர் குப்புசாமி. ஒரு வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு, லோகேஸ்வரன். மெட்டி போட்ட வெறுங்கால்கள். தலைமை ஆசிரியை கமலவேணி. நெசவாளர் குடும்பத்திலிருந்து முதல் ஆளாக டீச்சர் வேலைக்கு வந்தவர். வேலையில் சேர்ந்ததும் இதே பள்ளியில், இன்றுவரை இருப்பதும் இதே பள்ளியில்.

காலையில் நதியா வந்தபோது அந்த அம்மா இதே தாழ்வாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டி வந்த ஒரு பொடியனின் செருப்பை மாற்றிப் போட்டுவிட்டுக்கொண்டேதான் வணக்கம் சொன்னார்.

"பயப்படாதம்மா" என்றார் குப்புசாமி. "பூட்டு ரிப்பேர்காரனுக்குச் சொல்லி விட்டுட்டேன். வாலாஜாபாத்துலேர்ந்து வந்துக்கினே இருக்கான்."

"காஞ்சிபுரத்துல பூட்டுக்காரனே இல்லியா அண்ணே?"

"கைராசிக்காரன்மா அவன்."

நதியா தரையிலேயே கிடந்தாள். தப்பிக்க வழியில்லை என்றால் யோசிக்கத்தான் வழி.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இருங்க. நான் கேக்கறதுக்கு ஒவ்வொருத்தரா பதில் சொல்லுங்க. என்னாங்க, என்ன எறக்கி விட்டுட்டு நீங்க எங்க போனீங்க?"

ஊக்குச் செருப்பு கொஞ்சம் பின்வாங்கியது. "டீக்கடைக்கு."

"யாரோட?"

"அண்ணன் கூப்ட்டாரு."

"என்னா பேசினீங்க?"

தோல் செருப்பு தரையைத் தேய்த்தது.

"சொல்லுங்க. கதவு நடுவுல இருக்குது, நான் அடிக்க முடியாது."

"பதினோரு மணிக்கு உனுக்கு மயக்கம் கியக்கம் வந்துட்டா எல்லாருக்கும் நல்லதுன்னாரு."

"நீங்க?"

"பாக்கறேண்ணேன்னேன்."

நதியா கண்ணை மூடிக்கொண்டாள். பூட்டியவன் இவனாக இருந்துவிடக் கூடாதே என்று மனசு ஒரு பக்கம் கெஞ்சியது. இவனைத் தவிர வேறு யாருக்கு இவ்வளவு தைரியம் வரும் என்று இன்னொரு பக்கம் கேட்டது.

"எம்மேல சந்தேகமா?" லோகேஸ்வரனின் குரல் உடைந்தது. "இருடி. இப்பவே ஒடைக்கறேன்."

அவன் கருங்கல் ஒன்றைத் தூக்கிவர ஓடினான். அவன் திரும்பும் முன்பே கமலவேணி பதறினார். "கல்லால அடிக்காதப்பா. சொன்னா கேளு. நதியா, ரூமுக்கு நடுவுல நிக்காதம்மா. கதவு நெலைக்கு அடியில வந்துடு."

நதியா காலை மடக்கி நிலையோடு ஒட்டிக்கொண்டாள். லோகேஸ்வரன் கேட்கவில்லை. பூட்டின் மேல் ஒரு அடி விழுந்தது.

அறைக்குள் தலைக்கு மேலே ஏதோ முறிந்தது. தோசைக்கல் அகலத்துக்குச் சிமெண்டுக் காரை பெயர்ந்து, நதியா சற்று முன் கால் நீட்டிக் கிடந்த இடத்தில் விழுந்து சிதறியது. தூசி அடங்கியதும் அண்ணாந்தாள். துருப்பிடித்த கம்பிகள் எலும்பு மாதிரித் துருத்திக்கொண்டிருந்தன. கூரை முழுக்க உப்பியிருந்தது. நடுவில் ஓடிய விரிசல் இந்த அறையோடு நிற்கவில்லை. சுவரைத் தாண்டி ஒன்றாம் வகுப்புக்குள் போயிருந்தது.

அங்கே பிள்ளைகள் மறுபடி எழுத்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

"அடிக்காதீங்க" என்று நதியா கத்தினாள். "யாரும் அடிக்காதீங்க."

காலை 10.35.

அவள் கதவு நிலையை ஒட்டிப் படுத்து மறுபடி பட்டையைப் பார்த்தாள். எதிர்ச் சுவரோரச் செருப்புகள். காலைச் சாப்பாடு முடிந்து ஓடிவந்த பிள்ளைகள் உதறிவிட்டுப் போனபடியே கிடந்தன. ஒன்று கவிழ்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒற்றை ஒற்றையாய்.

அந்தக் குப்பைக்கு நடுவில் ஒரு ஜோடி மட்டும் ஒழுங்காக இருந்தது. சிவப்பு வார். குதி சுவரைத் தொட்டு, முனை வெளியே பார்த்து, இடது இடப்பக்கம், வலது வலப்பக்கம்.

அவளுடையது.

நதியா வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கங்கையம்மாக்கா, வாசல்ல செருப்பு கெடந்தா என்னா பண்ணுவ?"

"தொடப்பத்தால ஒரு தள்ளு. வேற என்னா, கும்புட்டு எடுத்து வெப்பாங்களா?"

"என் வீட்டுக்காரரு செருப்ப நீ பாத்திருக்கியா?"

"ஒண்ணு இந்த மூலையில, ஒண்ணு அந்த மூலையில. ஊருக்கே தெரியும்."

"குப்புசாமிண்ணே, நீங்க என் செருப்ப எடுத்து வெப்பீங்களா?"

"என்னம்மா பேச்சு இது?"

"வெக்க மாட்டீங்க. ஓட்டுக் கேக்க வந்தப்ப என் வீட்டு டம்ளரையே தொடாத கை. அதனால நீங்க இல்ல. உங்களுக்கு ஆசை இருந்துது, ஆனா நீங்க இல்ல."

நதியா மறுபடி கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்தாள்.

"பூட்டினவங்க என் செருப்ப ஒளிச்சு வெக்கணும்னு பாத்தாங்க. அத்தனை செருப்புக்கு நடுவுல போட்டா தெரியாதுன்னு கணக்கு. நல்ல கணக்குதான். வீசிட்டுப் போயிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா அந்தக் கைக்கு வீசத் தெரியல. ஜோடி சேத்து, இடது வலது பாத்து, குதி சுவத்துல முட்ட வெச்சுட்டுப் போயிருக்குது. தெனமும் ஒண்ணாங் கிளாஸ் புள்ளைங்களுக்கு வெக்கற மாதிரி."

மெட்டி போட்ட கால்கள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"இன்னொண்ணு. கல்லு வர்றதுக்கு முன்னாடியே நடுவுல நிக்காதன்னீங்க. மேல என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். என் மேல விழுந்துடுமோன்னு பயந்தீங்க. டீச்சர், சாவி உங்ககிட்டதான இருக்குது?"

ஜாக்கெட்டிலிருந்து எதையோ உருவும் சத்தம் கேட்டது. பூட்டில் சாவி மோதியது. இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை நுழைந்தது.

கதவு திறந்தபோது கமலவேணி நதியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளில் படிந்திருந்த காரைத் தூசியைத்தான் பார்த்தார்.

"ஏன் டீச்சர்? பள்ளிக்கூடம் வேணும்னு எங்களோட கோஷம் போட்டீங்களே."

"போடாம என்னா பண்றது? அப்பன் ஆத்தா எல்லாரும் என்னையே பாத்துக்கினு நிக்கறாங்க." கமலவேணியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "இந்தக் கூரையைப் பத்தி எழுதாத வருஷம் இல்லம்மா. ஒவ்வொரு தடவையும் வருவாங்க, வெள்ளை அடிச்சுட்டுப் போவாங்க. ஊர்ல சொன்னா அடுத்த நாளே புள்ளைங்கள கடன் வாங்கிப் பிரைவேட்டுல சேத்துடுவாங்க. அந்தப் பெரிய பள்ளி புதுக் கட்டடம். நீ மட்டும் கை தூக்காம இருந்துட்டா மழைக்கு முன்னாடி எல்லாப் புள்ளையும் அங்க போயிடும். உன் செருப்ப வாசல்ல பாத்தேன். அப்ப தோணுச்சு. கை பூட்டிடுச்சு."

"பூட்டறதுக்குப் பதிலா எனக்கு இதத் தொறந்து காட்டியிருக்கலாம் இல்ல?"

"எத்தன பேருக்குக் காட்டியிருக்கேன் தெரியுமா" என்றார் கமலவேணி.

குப்புசாமி தொண்டையைச் செருமினார். "பாத்தியாம்மா. டீச்சரே சொல்றாங்க, மூடறதுதான் நல்லதுன்னு. தீர்மானத்துக்குக் கைய தூக்கிடு."

நதியா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கணவன் முன் கையை நீட்டினாள்.

"போன குடுங்க."

"யாருக்குப் பேசணும்? நான் போட்டுத் தர்றேன்."

"போன குடுங்க."

கொடுத்தான். நெசவாளர் சங்கத்துத் தலைவருக்குப் போட்டாள். சங்கத்து ஹால் இன்றிலிருந்து பிள்ளைகளுக்கு வேண்டும், காரணம் சாயங்காலம் சொல்கிறேன் என்றாள். பிறகு தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினாள். "மொதல்ல ஒண்ணாங் கிளாஸ வெளிய கூட்டிப் போங்க. நீங்க பண்ணது தப்பு, டீச்சர். அத நான் மறக்கப்போறதில்ல. ஆனா இப்ப அதுக்கு நேரம் இல்ல."

காலை 11.10.

தலைமுடியெல்லாம் சிமெண்டுத் தூசியோடு நதியா மன்றத்துக்குள் நுழைந்தபோது தீர்மானத்தை ஆதரிப்பவர்களின் கைகளை எண்ணி முடித்திருந்தார்கள். எதிர்ப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். நதியா உட்காரவே இல்லை. நின்றபடியே கையைத் தூக்கினாள்.

தீர்மானம் ஒரு ஓட்டில் தோற்றது.

வெளியே காத்திருந்த பெற்றோர்கள் கை தட்டினார்கள். யாரோ மாலை வாங்கி வந்திருந்தார்கள். குப்புசாமி யாரிடமோ போனில், "முடிஞ்சுதுண்ணே, அவ கட்சியில இருந்த மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நதியாவுக்கு இது எதுவும் சந்தோஷமாக இல்லை. இதுவரை அந்தக் கூரை யாருடையதாகவோ இருந்தது. இனி அது விழுந்தால் அவள் தூக்கிய கையின் மேல்தான் விழும்.

மாலையைக் கையிலேயே வாங்கி லோகேஸ்வரனிடம் கொடுத்துவிட்டு, மாடிப்படி ஏறினாள். மாநகராட்சிப் பொறியாளரின் அறைக்குள் போனாள். நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"அரசமரத் தெரு பள்ளிக்கூடத்த எப்ப இடிக்கறீங்க, அதே எடத்துல எப்ப கட்ட ஆரம்பிக்கறீங்கன்னு தேதி போட்டுக் குடுங்க சார்."

"உடனேல்லாம் முடியாதும்மா. பாக்கலாம். இப்ப எனக்கு ஒரு மீட்டிங் இருக்குது, கொஞ்சம் வழி விடுங்க."

"இருக்கட்டும் சார்" என்றாள் நதியா, அசையாமல். "காலையில எனக்கும் ஒரு மீட்டிங் இருந்துது."