தீமியோஸ் பெயருக்கு வந்த பதில்

இறந்தவர்களுக்கான கோதுமைப் படையலின் மேல் லம்ப்ரினி நேற்று மாலை சமமாக வழித்துவிட்டிருந்த சர்க்கரையில் மூன்று விரல் தடம் பதிந்திருந்தது. எலியின் கால் இல்லை. அள்ளிய விரல்கள். கரண்டியின் முதுகால் தேய்த்து அதை மறைத்தாள். மரம் அறுக்கும் ஆலையில் ஒரு கையின் இரண்டு விரல்களை இழந்தவன் அவள் கொழுந்தன் கோஸ்மாஸ். அவன் செத்து மூன்று வருடமாகிறது.

தேவாலயத்தை ஜெர்மானியர் எரித்துவிட்டதால் இறந்தவர்களுக்கான சனிக்கிழமைப் பூசை பள்ளிக்கூடத்தில்தான். அதன் உள்ளறையில்தான் எரித்த அன்று ஊர் ஆண்களை அடைத்து, பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுச் சுட்டார்கள். அவள் கணவன் தீமியோஸ் வீட்டு வைக்கோலுக்கடியில் ஒளிந்து கிடந்தான். அவன் பெயர் வந்தபோது "இருக்கேன்" என்று எழுந்தவன் கோஸ்மாஸ். ஆண்களை இழுத்துப் போகுமுன், அப்படிச் சொல்லச் சொல்லி அவன் காலைப் பிடித்தவள் லம்ப்ரினி.

"என்னடி, சர்க்கரைய இப்படிப் பூசி மெழுகியிருக்க?" என்றாள் பூசைக்கு வந்து நின்ற பக்கத்து வீட்டு வாயா. "சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்ச மிச்சமா?"

லம்ப்ரினிக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரச் சுவரின் வாடை, மெழுகின் புகை, நெருக்கியடித்து நின்றவர்களின் கம்பளி நாற்றம், இவற்றுக்கெல்லாம் அடியில் உள்ளறைக் கதவு மெல்ல மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

"காத்துதான். சாத்திட்டு வந்துடறேன்" என்றான் தீமியோஸ்.

போகாதே என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவன் நடந்துவிட்டான். திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்றபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பூசையில் வாசிக்கச் சாமியாரிடம் அவள் வழக்கம்போல இரண்டு தாள் கொடுத்திருந்தாள். இறந்தவர்களின் தாளில் கோஸ்மாஸ். உயிரோடு இருப்பவர்களின் தாளில் தீமியோஸ். மூன்று வருடமாக அப்படித்தான். எந்தப் பெயருக்குப் பதில் சொல்லி கோஸ்மாஸ் செத்தான் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"கோஸ்மாஸ்" என்று வாசித்தார் சாமியார். அமைதி.

தாளை மாற்றினார். "தீமியோஸ்."

"இருக்கேன்."

அவள் காதருகே. கோஸ்மாஸின் குரல். யாரும் திரும்பவில்லை.

அவள் கணவனின் கையைத் தேடிப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது. சர்க்கரை பிசுபிசுத்தது. இறுகப் பற்றியது.

மூன்று விரல்கள்.

உள்ளறைக் கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"லம்ப்ரினி" என்றது தீமியோஸின் குரல். "திறடி. இங்க எல்லாரும் இருக்காங்க."