மேல்சாவடிக்கு ஒரு பதில்

மழை பிடித்த மத்தியானத்தில், வெள்ள எச்சரிக்கை அறையின் பலகையில், ஆற்றின் மேல்முனைக் காவலிடமான மேல்சாவடியின் விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. ஆனால் மேல்சாவடி என்று ஒன்று இப்போது இல்லை. போன மழைக்காலத்தில் எரிமலைச் சேறு ஆற்றோடு இறங்கி அதை மூடிவிட்டது, உள்ளே காவலிருந்த தார்சினியின் கணவன் கார்யோனோவோடு சேர்த்து.

தார்சினி காப்பியைக் கீழே வைத்தாள்.

“ஈரம் ஏறியிருக்கும்க்கா. மழைன்னா இந்தப் பொட்டிக்கும் சளி புடிச்சுக்கும்,” என்று சிரித்த உதவியாளன் பைஜோ, பாலத்தைப் பார்த்துவரக் குடையோடு கிளம்பினான்.

விளக்கு மறுபடி மின்னியது. அழுத்தி, நிறுத்தி, அழுத்தி. சாவடியிலிருந்து செய்தி அனுப்பும் பொத்தானைக் கார்யோனோ அப்படித்தான் அழுத்துவான்.

தகரக் கூரையில் மழை கொட்டியது. சன்னல் இடுக்கு வழியே கந்தக வாடையும் ஈரச் சாம்பல் வாடையும், அவற்றுக்கு அடியில் அவன் சட்டையில் எப்போதும் ஒட்டியிருக்கும் கிராம்பு சிகரெட்டின் வாடையும் மெல்ல மெல்ல அறைக்குள் ஏறி வந்தன.

செய்திகளை வாங்கும் இந்த இயந்திரத்துக்கு விதி எழுதியவள் அவள்தான். சேறு வருகிறது என்ற செய்தி, அனுப்பிய சில நொடிகளுக்குள் வந்தால்தான் செய்தி. பிந்தினால் இயந்திரம் அதைத் தூக்கியெறிந்துவிடும், பதிலும் அனுப்பாது. பிந்தி ஒலிக்கும் அபாயச் சங்கைக் கேட்டு ஓடுகிறவர்கள் பாலத்தின் நடுவே மாட்டிக்கொள்வார்கள் அல்லவா? நல்ல விதிதான். காவலர்களுக்கும் ஒரு விதி உண்டு: பதில் வரும்வரை சாவடியை விட்டு இறங்கக்கூடாது. அன்றைக்கு மழையில் அலைவரிசை திணறி, அவன் அனுப்பிய ஒவ்வொன்றும் கொஞ்சம் பிந்தியே வந்தது. ஒவ்வொன்றையும் இயந்திரம் எறிந்தது. அவன் அழுத்திக்கொண்டே இருந்தான், இறங்கவே இல்லை.

இன்னும் பதிலுக்காகத்தான் நிற்கிறானா?

அழுதுகொண்டே தன் கையால் பதிலைத் தட்டி அனுப்பினாள். “வந்து சேந்துடுச்சுங்க. போதும். எறங்கி வந்துடுங்க,” என்றாள் பலகையைப் பார்த்து.

விளக்கு அணைந்தது. அப்பாடா என்றிருந்தது.

பிறகு, அதற்குக் கீழுள்ள சாவடியின் விளக்கு எரிந்தது. அப்புறம் அதற்கும் கீழே. ஆற்றோரமாக, ஒவ்வொன்றாக.

இறங்கி வருகிறான்.

கடைசி விளக்கு. இந்த அறை.

கிராம்பு வாடை. கதவடியில் வெதுவெதுப்பான சாம்பல்நிறச் சேறு. தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது.

“தார்சி…” வாய் நிறைய மணலோடு ஒரு குரல். “ஏன் இவ்ளோ நேரமா பதிலே சொல்லல?”

கதவு திறந்தது. சேற்றிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. அதன் கட்டைவிரல் மட்டும் வெறுங்காற்றை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தி, நிறுத்தி, அழுத்தி.