ஒரே களத்து நெத்திலி

நீங்கள் கடைசியாக எந்தப் பண்டத்தைப் பார்த்து முகம் சுளித்தீர்கள்? அந்தச் சுளிப்புக்குக் காசு கொடுத்தவர் யார் என்று எப்போதாவது யோசித்தது உண்டா?

ஓசூரில் அருளப்பன் குடியிருந்த தெருவில் அந்த வாரம் யாருக்கும் கடலைமிட்டாய் பிடிக்கவில்லை. போன வாரம் வரை கடித்துக்கொண்டு திரிந்தவர்கள்தான். டீக்கடைக்காரர் ஜாடியோடு தூக்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக் கழுவி முகர்ந்து பார்த்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோர் காதுக்குப் பின்னாலும் உணரொட்டு இருந்தது.

விரல் நகம் அளவு ஒட்டு அது. முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கத்தான் வந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு, பஸ்ஸில் டிக்கெட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதையே கேட்டார்கள். கடைசியில் விளம்பரக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். படம் காட்டிப் பாட்டுப் போட்டு ஆசை மூட்டுவதெல்லாம் ஒழிந்தது. ஆசையையே நேராக நரம்பில் விட்டார்கள். மத்தியான நேரத்துப் பசியைப் பிரியாணிக் கம்பெனிகள் ஏலம் எடுத்தன. சாயங்கால அலுப்பை மெத்தைக் கம்பெனிகள் எடுத்தன. சின்னக் கடைக்காரன் அந்த ஏலத்தை வேடிக்கைகூடப் பார்க்க முடியாது.

அருளப்பன் சின்னக் கடைக்காரன். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரான வேம்பாரிலிருந்து ஓசூருக்கு லேத் பட்டறை வேலைக்கு வந்தவன். லேத் தானே ஓடக் கற்றுக்கொண்டதும், வாடகைக்கு இருந்த ஒற்றை அறையிலேயே, இணையத்தில் விற்கும் ஒரு வலைக்கடை திறந்தான். பெயர் ‘உப்புக்காற்று’. விற்றது கருவாடு. நெத்திலி, சாளை, வாளை, எப்போதாவது மாசி. மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வான்.

மீனைக் கட்டி அனுப்புவது எளிது. நான்கு பேர் கண்ணில் படவைப்பதுதான் பிழைப்பு. வாழை இலையில் நெத்திலியைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, நூறு படம் எடுப்பான். யாரென்றே தெரியாதவர்களுக்குக் காலை வணக்கம் போட்டு அதற்குக் கீழே கடையின் இணைப்பை ஒட்டுவான். பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழே ஒட்டுவான். ஒரு தடவை யாரோ ஒருவருடைய அப்பா செத்த செய்திக்குக் கீழேயும் ஒட்டினான். நான்கு ஆர்டர் வந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

ஊரில் அவன் மனைவி சலேத்து, மீன் காயவைக்கும் களத்தில் வேலை பார்த்தாள். மகள் ரெனிட்டா நான்காம் வகுப்பு. மாடி வீட்டுக்காரர் பக்கத்து அறையையும் தருவதாகச் சொல்லியிருந்தார். கடை ஒழுங்காக ஓடினால் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது இருவரையும் அழைத்துக்கொள்ளலாம். இதையே அவன் மூன்று ஜூனாகச் சொல்லிவருகிறான்.

“இந்த வருசமும் கூப்பிடலன்னா நீங்க இங்க வந்துருங்க,” என்று சலேத்து போனில் சொல்லியிருந்தாள். “பிள்ள ஒங்க மூஞ்சிய போன்லதான் பாக்கா. நேர்ல வந்தா யாருன்னு கேப்பா.”

கடை ஓடாததற்கு அருளப்பன் ஒரே காரணம் வைத்திருந்தான். சகாயராணி.

மதுரையில் ‘ராணி கருவாடு’ என்று வலைக்கடை நடத்திய அம்மாள் அவள். இருவரும் வேம்பாரில் ஒரே களத்தில்தான் சரக்கு எடுத்தார்கள். ஒரே வலை, ஒரே உப்பு, ஒரே வெயில். பை மட்டும் வேறு. ஆனாலும் அவனுடைய கடைப் பக்கத்தில் ஜனங்கள் எழுதினார்கள்: ‘பரவாயில்லை. ஆனால் ராணி கருவாடு ருசி வராது.’ போன மழையில் அவன் சரக்கு நனைந்தபோது, கேட்காமலே தன்னிடமிருந்து இரண்டு மூட்டை அனுப்பிவைத்தவள் சகாயராணி. அந்த மூட்டையிலிருந்து எடுத்து, தன் பையில் போட்டு அனுப்பினான். அதைச் சாப்பிட்டுவிட்டும் ஒருவர் எழுதினார்: ‘ராணி கருவாடு ருசி வராது.’

அதைப் படித்தபோது அவனுக்கு ஜனங்கள்மீது வந்த குமட்டலுக்கு எந்த ஒட்டும் தேவைப்படவில்லை.

அப்போதுதான் யுகேந்திரன் அழைத்தான். ஒட்டுகளுக்கு விளம்பரம் அனுப்பும் பரப்பகம் ஒன்றில் விற்பனைப் பையன். குரலில் எண்ணெய் வழியும்.

“அண்ணா, நீங்க ஏன் ஆசை வாங்கணும்னு அலையறீங்க? அது பெரிய ஆளுங்க ஆட்டம்ணா. ஒரு மணி நேரம் நிக்கும், போயிடும். மறுபடி வாங்கணும். எங்ககிட்ட வேற ஒண்ணு இருக்கு. ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் நிக்கும்.”

“என்னது தம்பி?”

“குமட்டல்ணா.”

அருளப்பன் சிரித்துவிட்டான்.

“சிரிக்காதீங்க. சின்ன வயசுல ஏதாச்சும் சாப்பிட்டு வாந்தி எடுத்திருப்பீங்கள்ல? இன்னிக்கும் தொடுவீங்களா?”

சின்ன வயதில், தேவாலயத்து முதல் நன்மை விழாவில் திகட்டத் திகட்டத் தின்ற ரவா கேசரி அருளப்பனுக்கு நினைவு வந்தது. நாக்கின் அடியில் எச்சில் ஊறியது.

“பாத்தீங்களா! விஷத்தத் தின்னு சாகாம இருக்க மூளை வெச்சிருக்கிற பூட்டுணா அது. ஒரே தடவைல விழுந்துடும், சாவி கிடையாது. நீங்க உங்களப் பிடிக்க வைக்க வேணாம். ராணி கருவாட்டைப் பிடிக்காம வைங்க. மிச்சம் இருக்கிறது யாரு? நீங்கதான்.”

“இது தப்பில்லையா?”

“கடலைமிட்டாய் யார் வேலைன்னு நினைக்கிறீங்க? முறுக்குக்காரங்க. அடுத்த மாசம் முறுக்குக்கு இருக்கு. அது கடலைமிட்டாய்காரங்க. ரெண்டு பேரும் நம்ம கஸ்டமர்தான்.”

அருளப்பன் யோசிக்க ஒருநாள் கேட்டான். யுகேந்திரன் அரை நாள் கொடுத்தான். சலுகை அன்றோடு முடிகிறதாம். சாயங்காலம் சரி என்றான்.

“சூப்பர்ணா. ராணியோட பை ஒண்ணு அனுப்புங்க. முகர்பெட்டில வெச்சு வாடையைப் பதியணும். பேர், படம், வாடை மூணையும் சேர்த்துக் குடுத்து, கூடவே குமட்டலைத் தட்டிவிட்டுருவோம். மூணு நிமிஷம். எந்த ஊர்லாம் போடலாம்?”

“மதுரை, திருச்சி போதும்.”

“தமிழ்நாடு முழுக்கப் போட்டா இதவிடக் கம்மி.”

“அப்ப முழுக்கப் போடு.”

“பிள்ளைங்களையும் சேத்துக்கவா?”

“பிள்ளைங்களா கருவாடு வாங்குது?”

“வாங்காதுங்க. ஆனா வீட்ல சமையல நிறுத்துறது யாரு? ‘அம்மா, நாத்தம்மா’ன்னு ஒரு குரல் வந்தாப் போதும், சட்டி குப்பைக்குப் போயிடும். அதுவும் சின்ன வயசுல விழுந்துட்டா அறுபது வருஷம் கியாரண்டி.”

அருளப்பனுக்கு ரெனிட்டா ஒரு கணம் நினைவுக்கு வந்தாள். வேம்பாரில் பையில் போட்ட கருவாட்டை யார் வாங்கப்போகிறார்கள்? ராணியின் பையை அவள் பார்த்ததுகூட இல்லை. சேர்த்துக்கொள் என்றான்.

“இன்னொண்ணுணா. உங்க ஒட்டுக்கு மட்டும் இது வராது. விளம்பரம் குடுத்தவருக்கு அதே விளம்பரத்தப் போடக்கூடாதுன்னு சட்டம். நுகர்வோர் பாதுகாப்பு.”

ராணியின் பையை வரவழைக்க நான்கு நாள் ஆகும். சலுகையோ அன்றோடு முடிகிறது. அருளப்பன் தன் மூட்டையிலிருந்தே ஒரு கை நெத்திலி அள்ளினான். ராணியின் லேபிளைப் படம் பார்த்து அச்சடித்து, ஒரு பையில் ஒட்டி, அந்த நெத்திலியை அதில் போட்டான். எல்லாம் ஒரே களத்துச் சரக்குதானே? பரப்பகத்து வண்டி வந்து வாங்கிக்கொண்டு போனது.

மூன்று நாளில் ராணி கருவாட்டின் பக்கத்தில் வசை கொட்டியது. ‘பிணவாடை.’ ‘இதையா இத்தனை நாள் தின்றோம்?’ ‘பையைத் திறந்ததும் குழந்தை மயங்கிவிட்டது.’ இரண்டு வருடம் புகழ்ந்த அதே ஆட்கள். அருளப்பன் ஒவ்வொன்றாகப் படித்தான். இரண்டு மூட்டை அனுப்பியவளின் முகம் நடுவில் ஒரு தடவை வந்தது. பக்கத்தைத் தள்ளிவிட்டான். மாடி வீட்டுக்காரரிடம் பக்கத்து அறைக்குச் சாவி கேட்டு வாங்கினான்.

அந்த வாரம் முழுக்க அவனுக்கும் ஆர்டர் வரவில்லை. வாரம் முடிவதற்குள் அனுப்பிய பைகள் திரும்பி வர ஆரம்பித்தன. கொண்டுவந்த ஆள் பையை வாசலில் எறிந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தான். மாடி வீட்டுக்காரர் இறங்கிவந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. துண்டால் மூக்கை மூடியபடி, பக்கத்து அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்படி சைகை காட்டினார்.

சாயங்காலம் சகாயராணி அழைத்தாள்.

“அருளு, எவனோ எங்குடியக் கெடுத்துட்டான்யா. என் சரக்கு ரூமுக்குள்ள என்னாலயே போக முடியல. கதவத் தொறந்தா கொடலு வெளிய வருது. முப்பது வருசமா இந்த வாடையில கெடந்தவய்யா நானு. எங்கையை எனக்கே மோந்து பாக்க முடியல.”

“அடடா.”

“ஒனக்கும் ஆர்டர் நின்னுபோச்சாமே?”

“ஆமாக்கா. எல்லாம் திரும்பி வருது. ரூம் நெறைய அடுக்கி வச்சிருக்கேன்.”

“எங்க வச்சிருக்க?”

“இங்கதான். பக்கத்துல.”



“இப்பச் சாப்பிட்டியாய்யா?”

“ம். கஞ்சியும் நெத்திலியும்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“ஊரு பூராவும் வாந்தி எடுக்குது,” என்றாள் சகாயராணி. குரல் தணிந்துபோயிருந்தது. “ஒனக்கு மட்டும் எறங்குது.”

“அக்கா, அது வந்து...”

“ரெண்டு மூட்டை அனுப்பினேனேடா.” காறித் துப்பும் சத்தம் கேட்டது. அது குமட்டலால் வந்ததா அவனுக்காக வந்ததா என்று அருளப்பனுக்குத் தெரியவில்லை. தொடர்பு அறுந்தது.

யுகேந்திரனைப் பிடிக்க ஏழெட்டுத் தடவை அழைக்க வேண்டியிருந்தது.

“அண்ணா, பேர், படம் எல்லாம் கரெக்டா ராணின்னுதான் போட்டோம். ஆனா குமட்டல் எழுத்துப் படிக்காதுணா. மூக்கத்தான் நம்பும். லேபிளப் பாத்து வர்றது ஆசை மட்டும்தான். ரெண்டு பேர் சரக்கும் ஒரே வாடைன்னு நீங்க சொல்லவே இல்லையே?”

“எடுத்துரு தம்பி. எவ்வளவு ஆனாலும் சரி.”

“சாவி கிடையாதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல? ஆனா ஒரு நல்ல சேதிணா. உங்க வாடை இப்பத் தமிழ்நாடு முழுக்கத் தெரியுது. இவ்ளோ அறிமுகம் பெரிய கம்பெனிக்கே கிடைக்காது. ஒரு சோப்புக்காரங்க அந்த வாடைப் பதிவை எங்ககிட்ட வாங்கிட்டாங்க. முதல்ல அந்த வாடையை விடுவாங்க, அப்புறம் சோப்பு. விற்பனை பிச்சுக்கிட்டுப் போகும். உங்களுக்கு ஒரு பெட்டி சோப்பு ஃப்ரீயா அனுப்பச் சொல்லிருக்கேன்.”

சோப்பு நிஜமாகவே வந்தது. அதே நாளில் சலேத்துவும் அழைத்தாள்.

“களத்த மூடிட்டாவ. ஒருத்தியும் உள்ள நிக்க முடியல, வாந்தி எடுத்து எடுத்து மயங்கி விழுதாளுவ. எனக்கும்தான். ரெனி எம்பக்கத்துல படுக்க மாட்டேங்கா. மூணு தடவ குளிச்சாலும் என் சேலையில வாட இருக்காம். தரையில தனியாக் கெடந்து அழுதுக்கிட்டுத் தூங்குதா.” மூக்கைச் சிந்தினாள். “இனி இங்க என்ன இருக்கு? ஜூனெல்லாம் பாக்க வேண்டாம். எல்லாச் சேலையவும் எரிச்சிட்டேன். புதுசு ஒண்ணு கட்டிக்கிட்டு வாரோம். நாளைக்குக் காலம்பற ஓசூர்ல நிப்போம்.”

“சலேத்து, இங்க ரூம்ல...”

“அப்பா!” போனை மகள் பிடுங்கிக்கொண்டாள். “அங்க நாத்தம் அடிக்காதுல்ல?”

“அடிக்காதும்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏரிக்கரைக்குச் சுமந்துபோய்க் குழிவெட்டிப் புதைத்தான். அறையைப் பினாயில் ஊற்றிக் கழுவினான். பாயை எறிந்தான். ஓசிச் சோப்பில் ஒரு கட்டி கரைந்து முடியும்வரை தேய்த்துத் தேய்த்துக் குளித்தான். புதுச் சட்டை வாங்கினான். கையை முகர்ந்து பார்த்தான். எந்த வாடையும் தெரியவில்லை. ஏழு வருடம் கருவாட்டு மூட்டைக்குள் கிடந்தவன் மூக்கு. போதாததற்குச் சட்டம் வேறு அவனைக் காப்பாற்றியிருந்தது. தன் உடம்பு சுத்தமாகிவிட்டதா என்று சொல்லத் தமிழ்நாட்டில் தகுதியில்லாத ஒரே ஆள் அவன்தான்.

மறுநாள் காலை பஸ் வந்தது. ரெனிட்டா முதலில் இறங்கி, “அப்பா” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டடி தள்ளி நின்றாள். குனிந்து அவன் செருப்பின்மீது வாந்தி எடுத்தாள். பின்னால் வந்த சலேத்து புதுச் சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மகளைத் தன் பக்கம் இழுத்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் விலகிப்போனார்கள். சலேத்து விலகிப்போனவர்களைப் பார்த்தாள், பிறகு ஒன்றும் ஆகாமல் நின்ற அருளப்பனைப் பார்த்தாள். தூத்துக்குடிக்கு அடுத்த பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டாள்.