நான்காய் மடித்த தாள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு பத்து மணிக்குத்தான். ஆனால் எட்டரைக்கே சுண்டெலியின் அப்பா கடை வாசலில் வரிசை நின்றுவிட்டது.

அப்பா வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. முடிவு வரும் நாளில் கணினியில் பார்த்துத் தாளில் அச்சடித்துக் கொடுப்பார். ஒரு கண்ணாடி மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், மூலையில் பெரிய ஜெராக்ஸ் இயந்திரம். அது ஓடினால் லாரி மேடு ஏறுவது போல இரையும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே அப்பாவின் குரல் பெரிதாகிவிட்டது. வீட்டில் அவர் “தண்ணி குடு” என்றால் எதிர்வீட்டு அத்தை டம்ளரோடு எட்டிப் பார்ப்பார்.

அவருடைய சின்ன மகளுக்கு வயது பத்து. சின்ன உடம்பு, அதைவிடச் சின்னக் குரல். தெருவில் எல்லாரும் அவளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று காலை அக்கா அவளுக்குத் தலை பின்னினாள். பின்னியதை அவிழ்த்தாள். மறுபடி பின்னினாள். மறுபடி அவிழ்த்தாள்.

“அக்கா, இது தலையா, தறியா?” என்றாள் சுண்டெலி.

அக்கா சிரிக்கவில்லை. “வேதியியல் போயிடும்டி” என்றாள் மெதுவாக. “கேள்வித்தாள்ல ரெண்டு தாளைச் சேத்துப் புரட்டிட்டேன். நடுவுல இருந்த கேள்விங்களை நான் பாக்கவே இல்ல. வெளிய வந்து மத்தவங்க பேசிக்கிட்டப்பதான் தெரிஞ்சுது.”

“அப்பா திட்டுவாரா?”

“திட்ட மாட்டாரு. படிப்பாரே!”

சுண்டெலிக்குப் புரிந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் கடையில் இரண்டு பேருடைய முடிவுத் தாள்கள் மாறிப்போயின. தேர்ச்சி பெற்ற பெண் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். தேர்ச்சி பெறாதவள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து அப்பா ஒவ்வொரு தாளையும் எண்ணிலிருந்து மதிப்பெண் வரை உரக்கப் படித்து, “உங்களுதுதானே?” என்று கேட்டுத்தான் கொடுப்பார்.

போன வருடம் தையல்காரர் மகன் முறை வந்தது. “கணக்கு பதினெட்டு! தேர்ச்சி இல்லை! உங்களுதுதானே?” என்றார் அப்பா. மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. தாள் மாறக்கூடாது, அவ்வளவுதான். தையல்காரர் மகன் தலையை ஆட்டினான். அதோடு சரி, இந்தத் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டான். கடைவீதிக்குப் போகத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனான்.

சுண்டெலியின் சைக்கிள் சங்கிலி கழன்றால் மாட்டித் தருகிற அண்ணன் அவன்தான். ஒரு வருடமாக அவளே மாட்டிக்கொள்கிறாள். கை முழுக்கக் கரி.

பத்து மணி. அப்பா முதல் எண்ணைத் தட்டினார். தாள் வந்தது. அப்பா தொண்டையைச் செருமினார்.

சுண்டெலி ஓடிப்போய் ஜெராக்ஸ் இயந்திரத்தை முடுக்கிவிட்டாள். கடை அதிர்ந்தது. இனிமேல் யாருக்கும் ஒன்றும் கேட்காது!

அப்பா இன்னும் உரக்கப் படித்தார். தெருமுனையில் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது.

“ஏய் சுண்டெலி, வெறுந்தாளை எதுக்குடி நகல் எடுக்கிற?” என்றார்.

அவள் இயந்திரத்தை அணைத்தாள். “அப்பா, படிக்காமக் குடுங்களேன்” என்றாள்.

“மாறிட்டா? மறுபடி யாராவது மிட்டாய் வாங்கிட்டா?”

கேள்வி நியாயமானதுதான். சுண்டெலி யோசித்தாள். வரிசையின் கடைசியில் அக்கா நகம் கடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கம், சைக்கிள் கடை நிழலில், தையல்காரர் மகன் நின்றான். அவனும் இந்த வருடம் மறுபடி எழுதியிருந்தான். சாலையைக் கடக்க ஒரு காலை எடுத்து வைப்பான், பின்னால் இழுத்துக்கொள்வான்.

பிரிண்டர் அடுத்த தாளைத் தள்ளியது. அப்பா கை நீட்டுவதற்குள் சுண்டெலி அதை எடுத்துவிட்டாள். எழுத்து உள்ளே போகும்படி நான்காய் மடித்தாள். தேர்வு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை வெளியே பேனாவால் எழுதினாள். பிறகு தன் சின்னக் குரலில் கூப்பிட்டாள்.

“ஆறு ஒண்ணு எட்டு! எண் சரியான்னு பாத்துக்கங்க.”

ஒரு பெண் வாங்கிப் பார்த்தாள். “என்னுதுதான்” என்றாள். தாளைப் பிரிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனாள்.

அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார். தாள் மாறவில்லையே! அடுத்த எண்ணைத் தட்டினார்.

மகனோடு வரிசையில் நின்ற பால்கடை மாமாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. “என் பையன் எப்படியும் நிறைய மார்க் வாங்கியிருப்பான். அவனுக்காவது சத்தமாப் படிக்கச் சொல்லும்மா.”

“உங்ககிட்ட சத்தத்துக்கு என்ன மாமா குறை? நீங்களே படிச்சுக்கங்க” என்றாள் சுண்டெலி.

வரிசை சிரித்தது. அவர் பையன் தாளை வாங்கிக்கொண்டு விளக்குக் கம்பத்தடிக்குப் போய்விட்டான். மாமா பின்னாலேயே ஓடினார். “டேய், எங்கிட்டயாவது காட்டுடா!”

மடித்த தாள்கள் ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டே இருந்தன. சிலர் ஓரமாகப் போய்ப் பிரித்தார்கள். சிலர் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோனார்கள்.

சைக்கிள் கடை நிழல் காலியாகிவிட்டது. தையல்காரர் மகன் மேசைக்கு முன்னால் நின்றான். தன் எண்ணைச் சீட்டில் எழுதி நீட்டினான். தாளை வாங்கிக்கொண்டு படியிறங்கி, சுவரைப் பார்த்து நின்று பிரித்தான்.

பிறகு தெருவே கேட்கிற மாதிரி அவனே கத்தினான். “கணக்கு நாப்பத்தொண்ணு!”

“உங்களுதுதானே?” என்றார் அப்பா பழக்கதோஷத்தில்.

“என்னுதேதான் மாமா!”

எல்லாரும் தாள் வாங்கிய பிறகு அக்கா வந்தாள். எண்ணைச் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது மனப்பாடம்.

அப்பா தட்டினார். திரை அவர் பக்கம்தான் திரும்பியிருந்தது. அவர் கண்கள் கீழே போய், ஓரிடத்தில் நின்றன. பிரிண்டர் தாளைத் தள்ளியது. சுண்டெலி கை நீட்டினாள். இந்தத் தடவை அப்பா முந்திக்கொண்டார்.

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தாள். அப்பா தாளை மடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பெரிய விரல்களுக்கு மடிப்பு கோணலாகத்தான் வந்தது. மேலே மூன்று இலக்கங்களை எழுதி நீட்டினார்.

அக்கா பிரித்துப் பார்த்தாள். எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள், வேதியியல் தவிர.

“ரெண்டு தாளைச் சேத்துப் புரட்டிட்டேம்ப்பா” என்றாள்.

அப்பா ஏதோ சொன்னார்.

“என்னப்பா? காதுல விழல.”

அப்பா கிட்டே வந்து, தணிந்த குரலிலேயே மறுபடி சொன்னார். “மறுதேர்வு அடுத்த மாசம். இப்பவே பதிஞ்சிடலாமான்னு கேட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு தாளா எண்ணிப் பாத்துட்டு எழுது.”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தலையை ஆட்டினாள். அப்பா விண்ணப்பத்தைத் திரையில் திறந்தார்.

வாசலில் தையல்காரர் மகன் குனிந்து உட்கார்ந்திருந்தான். சுண்டெலியின் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான்.

“உள்ள யாரு பேசறது?” என்றான். “குரலே புதுசா இருக்கே?”

“எங்க அப்பாதான் அண்ணா” என்றாள் சுண்டெலி.