‘வந்தாச்சு’ என்றது யார்?

துப்பறிவாளரின் வீட்டு வாசலில் வந்து நின்றவள் ஒரு காலில் கறுப்புச் செருப்பும் மறு காலில் பழுப்புச் செருப்பும் போட்டிருந்தாள். அது அவளுக்கே தெரியவில்லை. கதவைத் திறந்த டீச்சர் கவனித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

டீச்சர் என்பவர் துப்பறிவாளரின் மனைவிக்குத் தங்கை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். அத்தானிடம் யாராவது வழக்கோடு வந்தால் போதும், நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்.

"என் மேல தப்பு இல்லைன்னு விசாரணையில சொல்லிட்டாங்க. அது சரியான்னு நீங்க பார்த்துச் சொல்லணும்" என்றாள் வந்தவள்.

துப்பறிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குற்றம் சாட்டப்பட்டு அவரிடம் ஓடி வந்தவர்கள் நிறையப் பேர். விடுதலையான பிறகு வந்தவள் இவள் ஒருத்திதான்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா."

அவள் சொன்னாள். வேறு யாருக்கோ நடந்ததைப் படித்துக் காட்டுவது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். விமான நிலையத்துக் கோபுரத்தில் பதினொரு வருஷமாக வேலை. எந்த விமானம் எப்போது இறங்கலாம், எந்த வண்டி எப்போது ஓடுபாதைக்குள் போகலாம் என்று வானொலியில் அனுமதி கொடுப்பது அவள்தான். அவள் வாய் திறக்காமல் அங்கே ஒரு சக்கரமும் நகரக் கூடாது.

ஒன்பது நாளுக்கு முன்னால், மாலை நாலு மணி, நல்ல மழை. ஓடுபாதையில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க ஜீப் ஓட்டுநர் அனுமதி கேட்டார். கொடுத்தாள். வண்டி உள்ளே இருப்பதை மறக்காமலிருக்க மேஜைப் பலகையில் ஒரு சிவப்பு அட்டையைச் செருகினாள். அப்புறம் ஒரு சிறிய விமானம் இறங்க நெருங்கியது. ஜீப்பை வெளியேறச் சொன்னாள். வெளியே வந்தாகிவிட்டது என்று பதில் வந்தது. அட்டையை எடுத்தாள். விமானத்துக்கு இறங்க அனுமதி கொடுத்தாள்.

"ஜீப் வெளியே வரல. ஓடுபாதை நடுவுல நின்னுது. அவரு இறங்கி நின்னுட்டிருந்தாரு. விமானத்துல இருந்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவரு அங்கேயே போயிட்டாரு."

"வெளியே வராமலே வந்ததா பொய் சொன்னார்னு தீர்ப்பா?"

"ஆமா. ஒலிநாடாவுல இருக்கு. ஆட்சேபம் சொல்ல இன்னும் ஏழு நாள் இருக்கு. நேத்து அவரு மனைவி எங்க வீட்டுக்கு வந்தாங்க. திட்டல, அழல. பொய் சொல்ற ஆளா அவருன்னு மட்டும் கேட்டாங்க. என்னால பதில் சொல்ல முடியல."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?" என்றார் டீச்சர்.

"விட்டுத் தொலைங்கறாரு."

மறுநாள் காலை மூன்று பேரும் கோபுரத்தின் படிகளை ஏறினார்கள். மேலே சுற்றிலும் கண்ணாடி. அவளுடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபமோ வருத்தமோ வரவில்லை. கண்ணாடி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது என்று மட்டும் பட்டது.

பின்னாலிருந்த மேஜையிலிருந்து மேற்பார்வையாளர் எழுந்து வந்தார். விபத்து நடந்தபோதும் அவர் அதே மேஜையில்தான் இருந்தார்.

"நல்ல டிரைவர்தான் அவன். ஆனா அவசரக்காரன். வெளியே வராமலே வாயை விட்டுட்டான். அவன் தலையெழுத்து. அந்த மழையில இங்கேயிருந்து பார்த்தா ஓடுபாதை நடுவு தெரியவே தெரியாது. அவங்க வெளியே வந்துட்டாங்கன்னுதான் நானும் நெனச்சேன்."

டீச்சரின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எதையோ எழுதி அடிக்கோடு போட்டது.

"இந்த ஃபோன் எங்கே போகுது?" என்று மேஜையைக் காட்டினார் துப்பறிவாளர்.

"மைதானத்துக்குள்ள எல்லா இடத்துக்கும். வானொலி மாதிரி இது பதிவாகாது சார், சும்மா உள்ளுக்குள்ள பேசிக்கறதுக்கு."

ஒலிநாடாவைப் போட்டார்கள். ஓட்டுநரின் குரல் மூன்று முறை வந்தது. "ஜீப் ஒன்று, உள்ளே நுழைய அனுமதி கேக்கறேன்." "ஜீப் ஒன்று, பாதி தூரம் பார்த்துட்டேன்." "ஜீப் ஒன்று, சரி, வெளியேறுறேன்." ஒவ்வொன்றின் பின்னாலும் இன்ஜின் உறுமல், கண்ணாடி துடைப்பானின் கிறீச்சு. ஏறக்குறைய ஒரு நிமிஷம் கழித்து நாலாவது வந்தது: "ஓடுபாதையை விட்டு வெளியே வந்தாச்சு."

அது அவள் பத்து நாளாகத் தலைக்குள் கேட்டுக்கொண்டிருந்த வாக்கியம்தான். இரைச்சலில் குரல் கரகரத்து, யாருடையது என்று சொல்ல முடியாமல் இருந்தது.

"இன்னொரு தடவை" என்றார் துப்பறிவாளர். மொத்தம் ஆறு தடவை கேட்டார்.

கீழே விசாரணை அலுவலகத்தில் சம்பவ இடத்துப் பொருள்களின் பட்டியல் இருந்தது. பதினேழாவது: ‘ஓட்டுநரின் மூடிய வலது கையில், பித்தளைத் தோட்டாக் கூடு ஒன்று.’ பறவைகளை விரட்டச் சுடும் வெடியின் காலிக் கூடு அது. மைதானத்தில் எங்கும் கிடக்கிற சாமான் என்று யாரும் பொருட்படுத்தவில்லை. துப்பறிவாளர் அந்தக் கூட்டைக் கேட்டு வாங்கி, தீக்குச்சியில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றி அதற்குள்ளே விட்டு எடுத்தார். பஞ்சு மை போலக் கறுத்தது.

பறவை விரட்டுபவரை வேலியோரக் கொட்டகையில் பார்த்தார்கள். ஒல்லியான மனிதர், இடுப்பில் கையடக்க வானொலி, கண்கள் அவள் முகத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பார்த்தன.

"காலையில நாலு வெடி போட்டேங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மழை பிடிச்சுக்கிச்சு. அப்புறம் கொட்டகையை விட்டு நகரல. ஓடுபாதைப் பக்கமே போகல."

திரும்பும் வழியில் டீச்சரால் பொறுக்க முடியவில்லை. "அத்தான், எனக்கு ரெண்டு விஷயம் புரிஞ்சுபோச்சு."

"எனக்கும் ரெண்டு புரிஞ்சுது. நாளைக்கு எல்லாரையும் வச்சுப் பேசலாம்."

மறுநாள் பத்து மணிக்குக் கோபுரத்தின் கீழ்த்தள அறையில் விசாரணை அதிகாரி, மேற்பார்வையாளர், பறவை விரட்டுபவர், ஓட்டுநரின் மனைவி எல்லோரும் கூடியிருந்தார்கள். அவள் கதவோரமாக உட்கார்ந்தாள்.

துப்பறிவாளர் குரலை உயர்த்தாமல் ஆரம்பித்தார். "ஓட்டுநர் எப்பவும் வண்டி பேரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். மூணு தடவையும் ‘ஜீப் ஒன்று’. நாலாவதுல பேரே இல்ல. முதல் மூணுலயும் இன்ஜின் சத்தம், துடைப்பான் சத்தம். நாலாவதுல ரெண்டும் இல்ல. டீச்சர், மத்ததை நீங்க சொல்லுங்க."

டீச்சர் வகுப்பில் நிற்பது போல எழுந்து நின்றார். "அவரு பேசினது எல்லாம் ‘கேக்கறேன்’, ‘பார்த்துட்டேன்’, ‘வெளியேறுறேன்’. எல்லாத்துலயும் ‘நான்’ இருக்கு. ‘வந்தாச்சு’ல யாருமே இல்ல. நான் வந்தாலும் வந்தாச்சு, நீங்க வந்தாலும் வந்தாச்சு. கேக்கறவங்க யாரை மனசுல நெனச்சிருக்காங்களோ அவங்கதான் வந்ததா ஆயிடும்."

"அப்போ வந்தது யாரு?" என்றார் விசாரணை அதிகாரி.

"செத்தவர் கையில இருந்த கூடு சொல்லும்" என்றார் துப்பறிவாளர். "காலையில சுட்டதுன்னா ரெண்டு மணிநேர மழை உள்ளே இருந்த கரியைக் கழுவியிருக்கும். கரி அப்படியே இருக்கு. சுட்ட சில நிமிஷத்துக்குள்ள அதை அவர் பொறுக்கிக் கைக்குள்ள மூடியிருக்கார். விமானச் சக்கரத்துல குத்திடக் கூடாதுன்னு குனிஞ்சு எடுத்தார். அதுக்காகத்தான் இறங்கினார். அந்த நேரத்துல ஓடுபாதையில வெடி போட்ட ஆள் ஒருத்தர் இருந்தார். தன் வேலை முடிஞ்சு வெளியே போய், கையடக்க வானொலியில ‘வந்தாச்சு’ன்னு சொன்னதும் அவர்தான்."

பறவை விரட்டுபவர் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"ஆனா இவர் உள்ளே போனது கோபுரத்துல இந்த அம்மாவுக்குத் தெரியாது. பலகையில ஒரே ஒரு சிவப்பு அட்டை. தெரிஞ்சவர் இன்னொருத்தர்." அவர் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "ஓட்டுநரைப் பத்திப் பேசும்போதெல்லாம் நீங்க அவன், இவன்னுதான் சொன்னீங்க. ஒரு இடத்துல மட்டும் ‘அவங்க வெளியே வந்துட்டாங்க’ன்னு சொன்னீங்க. அது மரியாதை இல்ல சார். ரெண்டு பேர்."

பறவை விரட்டுபவர்தான் முதலில் உடைந்தார். "நான் கொட்டகையிலேர்ந்து ஃபோன் போட்டுக் கேட்டேங்க. கொக்குக் கூட்டம் உக்காந்திருக்கு, போகட்டுமான்னேன். ஜீப்புதான் உள்ளே இருக்கே, அது இருக்கும்போதே நீயும் போயிட்டு வந்துடுன்னாரு இந்த ஐயா. அப்புறம் ஆள் போயிட்டான்னு தெரிஞ்சதும் சொல்ல வாயே வரலீங்க."

"சொல்ல நெனச்சேன்" என்றார் மேற்பார்வையாளர். "அதுக்குள்ள இன்னொரு ஃபோன் வந்துடுச்சு."

ஓட்டுநரின் மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அப்போ அவரு பொய் சொல்லல" என்றார், யாரையும் பார்க்காமல்.

"சொல்லவே இல்லம்மா" என்றார் துப்பறிவாளர். பிறகு கதவோரம் திரும்பினார். "நீங்க என்கிட்ட கேட்டது வேற. அதுக்கும் பதில் சொல்லிடறேன். பேர் சொல்லாம ஒரு குரல் வந்தா என்ன செய்யணும்?"

"யார் பேசறதுன்னு கேக்கணும்."

"சந்தேகம்னா?"

"விமானத்தை இறக்காம, இன்னொரு சுற்று சுத்திட்டு வரச் சொல்லணும்."

"செஞ்சீங்களா?"

"இல்ல."

"அத்தான், விமானம் தலைக்கு மேல வந்திருச்சு, மழை வேற" என்று குறுக்கே வந்தார் டீச்சர்.

"கேக்கறதுக்கு மூணு செகண்ட் போதும்" என்றார் அவர் மெதுவாக. "பெரிய தப்பு அவங்க ரெண்டு பேரோடது. உங்க பங்கு அந்த மூணு செகண்ட். தப்பே இல்லைன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அவள் தலையசைத்தாள். நெஞ்சில் ஏதாவது இடிந்து விழும் என்று காத்திருந்தாள், ஒன்றும் விழவில்லை. விசாரணை அதிகாரியிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, மேஜையில் வைத்து எழுதினாள்: ‘அந்தக் குரல் ஜீப் ஓட்டுநருடையது அல்ல. யாருடையது என்று நான் கேட்கவில்லை.’ கையெழுத்துப் போட்டாள்.

தீர்ப்பு திருத்தப்படும் என்று அதிகாரி சொன்னார். மற்ற இருவரையும் அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவளுடைய உரிமத்தை ஆறு மாதம் முடக்கி, மறுபடி தேர்வு எழுதச் சொன்னார்கள். சரி என்றாள். துப்பறிவாளரும் டீச்சரும் விடைபெற்றுப் போனார்கள்.

நடைபாதையில் ஓட்டுநரின் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சுடுங்கன்னு கேக்கக்கூட..." என்று அவள் தொடங்கினாள்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றார் அவர். "என்னால இன்னைக்கு முடியாது." இரண்டு அடி நடந்து திரும்பினார். "சாப்பிட்டீங்களா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். எப்போது சாப்பிட்டோம் என்று நினைவில்லை. "இல்ல."

"நானும் இல்ல. வாங்க."

ஊழியர் உணவகத்தில் கூட்டம் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள். நாலாவது கவளத்தில் அவள் கை நின்றது.

"உப்பு கம்மி" என்றாள்.

அவர் எட்டி உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.