சத்தம் வெளியே போகாத அறை

மாலை நாலு மணி மழையில் நனைந்த குடையை உதறிக்கொண்டு, அவள் அந்தப் பழைய அச்சகக் கட்டடத்தின் படிகளில் இறங்கினாள். அச்சகம் மூடிப் பல வருடமாகிவிட்டது. மேலே இரண்டு மாடிகளும் பூட்டிக் கிடந்தன. தரைக்கு அடியில், முன்பு காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்த நிலவறை மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. ஊரில் ராப் பாடுகிறவர்களும் கம்ப்யூட்டரில் பீட் கட்டுகிறவர்களும் அங்கேதான் பாட்டைப் பதிவு செய்தார்கள்.

அவளை எல்லோரும் ரேடியோக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சின்ன வானொலி நிலையத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் 'அடித்தளம்' என்றொரு நிகழ்ச்சியைப் பன்னிரண்டு வருடமாக நடத்திக்கொண்டிருந்தாள். பெரிய கம்பெனிகள் சீண்டாத உள்ளூர்ப் பாட்டுக்காரர்களைத் தேடிப் பிடித்து ஒலிபரப்புவதுதான் அவள் வேலை. ஆரம்பத்தில் ஒரு நல்ல பாட்டு கிடைத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு பித்து. இப்போது காது களைத்துவிட்டது. வாரத்துக்கு எழுபது, எண்பது பாட்டுகள் மின்னஞ்சலில் வந்து குவிந்தன. தெரிந்த பெயரென்றால் திறப்பாள். தெரியாத பெயரை நாளைக்கு என்று தள்ளிவைப்பாள். அந்த நாளை வந்ததே இல்லை.

"நாப்பத்தாறு வயசுல இன்னும் அந்த டமடம பாட்டைக் கேட்டுக்கிட்டு இருக்கியே, உனக்கே சலிக்கலையா?" என்று அவள் அக்கா போனில் கேட்பாள். சலித்துத்தான் போயிருந்தது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சலிப்பை உடைத்தது ஒரு குரல்தான்.

போன மாதம் மூன்று பாட்டுகள் வந்தன. ஒரு பஸ் கண்டக்டர் பாடிய ராப். தையல் இயந்திரச் சத்தத்தை வெட்டி ஒட்டி ஒருவர் கட்டிய, வார்த்தையே இல்லாத எலக்ட்ரானிக் இசை. இரண்டு சகோதரிகள் சேர்ந்து கத்தித் தீர்த்த ஒரு பாட்டு. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனால் மூன்றிலும், பீட்டுக்குப் பின்னால், தூரத்தில் ஒரு பெண் குரல் இருந்தது. வார்த்தை பிடிபடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ பாடுவது போலிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டபோது அவள் கை மயிர் குத்திட்டு நின்றது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு!

கண்டக்டரைக் கூப்பிட்டுக் கேட்டாள். "அது நான் போட்டதில்லைக்கா. ஃபியூஸ் அண்ணன் வேலையா இருக்கும். நல்லாத்தானே இருக்கு, அதான் விட்டுட்டேன்" என்றார். சகோதரிகளும் அதையேதான் சொன்னார்கள்.

ஃபியூஸ் அந்த நிலவறைக்குச் சொந்தக்காரர். எலக்ட்ரீஷியனாக இருந்து, பாட்டுப் பைத்தியம் பிடித்து, பதிவுக்கூடம் கட்டியவர். ஒரு காலத்தில் வாய் ஓயாமல் பேசுவார். இன்று கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கரி அப்பியிருந்தது.

"வாங்கக்கா. என்ன, மழையில?"

"ஒரு பாட்டுக்காரியைத் தேடி வந்தேன். யாருப்பா அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"காதுல பூ சுத்தாதே. மூணு பாட்டுல பின்னாடி பாடியிருக்காளே, அவதான். அடுத்த வெள்ளிக்கிழமை அவளை என் நிகழ்ச்சிக்குக் கூட்டிட்டு வரணும்."

அவர் மேஜைமேல் கிடந்த ஒரு வயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்துப் பிரித்தார். மறுபடி சுற்றினார்.

நிலவறையில் ஈரக் காகித வாடை அடித்தது. அதன் ஓரத்தில், அறைக்குள் ஓர் அறையாக, பாடுகிறவர்கள் நிற்கும் சின்னக் கூண்டு இருந்தது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. கதவு ஓர் ஆளின் உள்ளங்கை அகலத்துக்குத் தடிமன். அந்தக் கதவைச் சாத்தவிடாமல் கீழே ஒரு செங்கல் வைத்திருந்தது.

"கதவைத் திறந்துபோட்டா பதிவு பண்றே? மேல போற லாரிச் சத்தமெல்லாம் விழாதா?"

"விழட்டும்க்கா."

அப்படிச் சொல்கிற ஆள் இல்லை ஃபியூஸ். ஒரு கொசு பறந்தாலும் பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி பாடச் சொல்கிறவர்.

"என்னப்பா ஆச்சு உனக்கு?"

அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்தக் குரலை நான் போடலக்கா. நான் வெட்டி எடுத்துக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு பாட்டுலயும் வெட்டுறேன். மறுநாள் திறந்தா திரும்ப நிக்குது. ரெண்டு வருஷமா இதே வேலை."

மேலே மழை வலுத்தது. ஆனால் அந்தச் சத்தம் கீழே வரவில்லை.

பிறகு அவர் சொன்னார். சுமந்து சுமந்து தோள் இற்றுப்போனவர் மூட்டையை இறக்குவது போலச் சொன்னார்.

அந்தப் பெண்ணின் பட்டப்பெயர் குருவி. செருப்புக் கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலை. இருபத்திரண்டு வயது. பாட்டை அவளே எழுதி, அவளே பீட் கட்டி, அவளே பாடுவாள். ஆஸ்துமா இருந்தது. பாடிவிட்டு மருந்தை உறிஞ்சுவாள், மறுபடி பாடுவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் தனியாகப் பதிவு செய்ய வந்தாள். கூண்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது ஃபியூஸின் சட்டம். மைக்கில் இரையும் என்பார். அதனால் போனும் மருந்தும் இருந்த பையை வெளியே நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து ஒரு வயரிங் வேலைக்கு அழைப்பு வந்தது. "முடிச்சிட்டு நீயே கதவைச் சாத்திட்டுப் போயிடும்மா" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

"கூண்டுக் கதவோட உள்பக்கக் கைப்பிடி லூசா இருந்துச்சுக்கா. நாளைக்கு முடுக்கலாம்னு இருந்தேன்." அவர் தன் உள்ளங்கையையே பார்த்தார். "அது அவ கையோட கழண்டு வந்துருச்சு. காலைல வந்து பாத்தப்போ அதைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா."

ரேடியோக்கா கூண்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கத்தியிருப்பா. எவ்வளவு நேரம் கத்தினாளோ! ஒரு பொட்டுச் சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு அந்தச் சுவத்தை நான்தான் பாத்துப் பாத்துக் கட்டினேன்."

அவர் எழுந்துபோய்க் கம்ப்யூட்டர் திரையைத் தொட்டார்.

"கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டே இருந்துச்சுக்கா" என்றார். "அன்னைக்குப் பதிவானது எல்லாம் இதுல இருக்கு. மூணு மணி நேரம், இடம் நிறையற வரைக்கும். யார்கிட்டயும் சொல்லல. எனக்குக் கேக்கத் தைரியம் இல்ல. அழிக்கவும் கை வரல. நீங்க கேளுங்கக்கா. யாராவது ஒருத்தர் கேக்கணும்ல?"

வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருடமாகக் கேட்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள், ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

முதலில் பாட்டு.

மேல மாடிக்கு லிப்ட்டு, எனக்கு மட்டும் படிக்கட்டு
மூச்சு வாங்குது, ஆனாலும் ஏறுவேன் முட்டிக்கிட்டு

எப்பேர்ப்பட்ட குரல் அது! உரலில் இடிக்கிற மாதிரி தாளத்தில் கச்சிதமாக விழுந்தது ஒவ்வொரு சொல்லும். அவளுக்குக் கண் கலங்கியது. பாட்டு முடிந்து, குருவி சிரித்தாள். காலடிச் சத்தம். கைப்பிடி திரும்பும் சத்தம். 'டக்' என்று ஒன்று.

அப்புறம், "அண்ணே?"

அப்புறம் கதவைத் தட்டும் சத்தம்.

அதை அவள் முழுக்கக் கேட்டாள். தட்டியது, கத்தியது, உதைத்தது, அழுதது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் ஓய்ந்து மூச்சு மட்டும் மிஞ்சியது. ஓட்டை விழுந்த துருத்தியை அமுக்குவது போல இழுத்து இழுத்து வந்தது மூச்சு. பிறகு அதுவும் மெலிந்து நின்றது.

ஹெட்போனைக் கழற்றக் கையைத் தூக்கினாள்.

"ரேடியோக்கா."

கை அந்தரத்தில் நின்றது.

"ரேடியோக்கா, பதினோரு பாட்டு அனுப்பினேன். கேட்டீங்களா?"

அவளுக்குத் தெரியாத பெயர்களின் நீண்ட வரிசை கண்முன் ஓடியது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிய வரிசை. உதடு தானாக அசைந்தது.

"இப்ப கேக்கிறேன்மா" என்று முணுமுணுத்தாள்.

காதுக்குள், மிக அருகில், பதில் வந்தது.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கக்கா. இங்க எதுவும் கேக்காது."

அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அது மேஜையிலிருந்து வழுக்கித் தொங்கி ஆடியது.

ஃபியூஸ் பேயறைந்தவர் போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னக்கா, யார்கிட்ட பேசினீங்க?"

"அவ… அவ பேசினாப்பா."

அவர் மெல்லத் திரையைக் காட்டினார். ஒலியின் கோடு நேராக, தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நேரமா அதுல எதுவும் இல்லக்கா. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

கூண்டின் கதவடியில் இருந்த செங்கல் தரையில் உரசி, ஓர் அங்குலம் நகர்ந்தது.

இருவரும் படியேறி வெளியே ஓடிவந்தார்கள். மழையில் நின்றார்கள். குடை உள்ளேயே கிடந்தது. எடுக்கத் திரும்பிப் போக இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து ஈரப் புடவையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். 'குருவி' என்று தேடினாள். பதினோரு மின்னஞ்சல்கள், ஒன்றுகூடத் திறக்கப்படாமல் கிடந்தன. முதல் கடிதத்தில், 'அக்கா, உங்க நிகழ்ச்சியைக் கிடங்கு வேலை முடிஞ்சு ஓடிவந்து கேப்பேன். என் பாட்டையும் ஒரு தடவை கேளுங்க' என்றிருந்தது. நாலாவதில், 'வேலை அதிகமா இருக்கும், பரவால்லக்கா.' கடைசியில் எதுவும் எழுதவில்லை. பாட்டு மட்டும்.

பதினொன்றையும் கேட்டாள். ஒன்றைக்கூடப் பாதியில் நிறுத்தவில்லை. அழுகைகூட வரவில்லை. எலும்புக்குள் போய்ப் படுத்துக்கொள்கிற ஓர் அசதி மட்டும் வந்தது.

மறுநாள் ஃபியூஸிடம் எண் வாங்கி, குருவியின் அம்மாவைக் கூப்பிட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் திக்கி, பாட்டுகளை ஒலிபரப்பலாமா என்று கேட்டாள். அந்த அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "போடுங்கம்மா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரேடியோவைக் கட்டிக்கிட்டு அழுவா. பேரு வரும், பேரு வரும்னு. நானும் ஒருதரம் கேட்டுக்கிறேன்."

கேட்ட குரலைவிடக் கேளாத குரலுக்கு எடை அதிகம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த பொறியாளர். இந்த மாதிரிப் பாட்டென்றாலே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற மனிதர். அவள் மைக்கைத் திறந்து, குருவி யார் என்று சொன்னாள். அவள் பாட்டுகள் தன்னிடம் திறக்கப்படாமல் கிடந்ததையும் மறைக்காமல் சொன்னாள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பதினோரு பாட்டையும் போட்டாள். மூன்றாவது பாட்டுக்குள் பொறியாளர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டார்.

கடைசிப் பாட்டு முடிந்தது. ஒரு வரி நன்றி சொல்லி மைக்கை அணைத்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. இனி வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறியாளர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

உள்பேசியை அழுத்தினாள். "சார், முடிஞ்சுது. அடுத்த நிகழ்ச்சிக்கு மாத்துங்க."

"எங்கம்மா முடிஞ்சுது? பாடிக்கிட்டு இருக்கே!" அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "இத்தனை நாள் நீங்க போட்டதுல இதுதாம்மா பாட்டு. பதினொண்ணுன்னு சொன்னீங்க, இது பன்னெண்டாவதுல்ல? புதுசா இருக்கே."

அவள் எல்லாப் பொத்தான்களையும் பார்த்தாள். எல்லாம் அணைந்திருந்தன. எதுவும் ஓடவில்லை. நேயர்கள் அழைக்கும் டெலிபோன் விளக்குகள் மட்டும் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. ஆறும் எரிந்தன.

எதிரே, விருந்தினருக்கான காலி நாற்காலி. அதன் முன்னால் இருந்த மைக்கின் அளவுமானியில் முள் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

ஹெட்போனை எடுத்து மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூச்சை அடக்கிக் கேட்டாள்.

"எனக்குக் கேக்கலையேம்மா" என்றாள், காலி நாற்காலியைப் பார்த்து.

முள் ஒரு கணம் நின்றது.

பிறகு முன்னைவிட உயரமாக எழும்பி ஆடத் தொடங்கியது. கண்ணாடிக்கு வெளியே நடைக்கூடத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்று, தலையைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அவளுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.