மூன்றாம் கேமராவின் பக்கத்தில்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லாரல் தியேட்டரின் பின்வாசலில் டாக்சியை நிறுத்தி என் டிரம் பெட்டிகளை இறக்கினேன். இரண்டு வாரம் பூட்டிக்கிடந்த கட்டடம். கதவைத் தள்ளி உள்ளே போனதும் லவங்க வாசனை அடித்தது.

யாரோ காபியில் எதையோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதற்கு என்ன, காசா பணமா.

பழைய நாடகக் கொட்டகை அது. முன்வரிசை நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் மூன்று கேமராக்களை உருட்டி நிறுத்தி, இனி இது டெலிவிஷன் நிலையம் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்தோறும் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை பாட்டு, நடனம், மாயாஜாலம், நடுநடுவே சோலி விண்டரின் நகைச்சுவை. எல்லாமே நேரடி ஒளிபரப்பு. கால் இடறினால் நாடே பார்க்கும். நான் கார்மைன். சோலி ஒரு ஜோக்கை முடித்ததும் டமடம டிஷ் என்று தட்டுவேனே, அந்த டிரம்காரன்.

ஒளிபரப்பு ஓடும்போது தளத்தில் யாரும் பேசக்கூடாது, மைக்கில் விழுந்துவிடும். ஆகவே கேமராவுக்குப் பக்கத்தில் ஃப்ளோர் மேனேஜர் நின்று கையால்தான் பேசுவார். இரண்டு கையையும் ஜவ்வு மிட்டாய் இழுப்பதுபோல் அகல விரித்தால், நேரம் மிச்சமிருக்கிறது, இழு என்று அர்த்தம். விரலால் கழுத்தை அறுத்துக் காட்டினால் முடி. மேடையில் நிற்பவன் கண்ணில் விளக்கு வெளிச்சம் கொட்டிக்கொண்டிருக்கும், இருட்டில் நிற்கிற ஆளின் முகம் தெரியாது. கை மட்டும்தான் தெரியும். கை சொன்னதைச் செய்வான். முகத்தைத் தேடுகிறவன் இந்தத் தொழிலில் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

எங்கள் ஃப்ளோர் மேனேஜர் எம்மெட் கோரிகன். கேமராவில் வெள்ளை பளீரென்று கண்ணைக் கூசும் என்பதால் நாங்கள் எல்லாரும் நீலச் சட்டை போடுவோம். எம்மெட் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன், அதனால் வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வான், தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று. தளத்தில் சிகரெட் பிடிக்க முடியாது. நாளெல்லாம் லவங்கச் சூயிங்கம் மென்றுகொண்டிருப்பான்.

அவன் செத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய். சோலிக்கு சிரிப்பு அள்ளிக்கொண்டு போன ராத்திரி. எம்மெட் முடி என்று கழுத்தை அறுத்துக் காட்டினான். சோலி பார்த்தான். நானும் பார்த்தேன். சோலி பார்க்காததுபோல் இன்னொரு ஜோக் சொன்னான், நான் டிஷ் தட்டினேன். இன்னொன்று. இன்னொரு டிஷ். இப்படி மூன்று நிமிடம் திருடினோம். அடுத்து மாயாஜாலக்காரரின் முறை. கீழே நிலவறையில் இருந்த ஆட்கள் சோலி இழுப்பது தெரியாமல், தாளில் எழுதியிருந்த நிமிடத்துக்கே மேடைப் பின்புறத் தரையிலிருக்கிற பொறிக்கதவைத் திறந்துவைத்துவிட்டு மறுபக்கம் போய்விட்டார்கள். தாமதத்தைச் சரிக்கட்ட எம்மெட் திரைக்குப் பின்னால் இருட்டில் ஓடியவன் நேரே அதில் போய் விழுந்தான்.

வாத்தியச் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. விழுந்தவன் நிலவறையின் மூலையில் பழைய திரைச்சீலைக் குவியலுக்குள் உருண்டு கிடந்தான். இருபது நிமிடம் உயிரோடு இருந்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். அந்த இருபது நிமிடமும் அவன் தலைக்கு மேலே மாயாஜாலம் நடந்தது, பன்னிரண்டு பெண்கள் குதித்து ஆடினார்கள். நான் அடித்தேன்.

இதெல்லாம் முடிந்து இரண்டு செவ்வாய் நிகழ்ச்சி இல்லை. மூன்றாவது செவ்வாய்தான் நான் முதலில் சொன்ன காலை.

கிளம்புவதற்கு முன் சோலியின் மனைவி ஃபேனி போன் செய்திருந்தாள்.

"கார்மைன், அவருக்கு நெஞ்சு சரியில்ல. டாக்டர் பத்து நிமிஷத்துக்கு மேல நிக்கவே கூடாதுன்னுட்டார். இந்த மனுஷனுக்கு சிரிப்பு கேட்டா கண்ணு மண்ணு தெரியாது, உங்களுக்கே தெரியும். நீங்க எனக்கு ஒரு சத்தியம் பண்ணுங்க."

"சொல்லு ஃபேனி."

"அவர் பாட்டுக்கு இழுத்தார்னா, நீங்க முடிவு ராகத்த அடிச்சிருங்க. பேண்டு தலைவர் திட்டினா திட்டட்டும். அடிச்சு அவர வெளிய கொண்டாந்திருங்க."

சத்தியம் செய்தேன். எனக்கு எம்மெட்டின் கணக்கு ஒன்று ஏற்கெனவே நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

புது ஃப்ளோர் மேனேஜர் வீக்ஸ் கடற்படையில் இருந்த ஆள், நாற்பது வயது, பேச்சில் சிக்கனம். மதியம் ஒத்திகை. சோலி வந்தான், கட்டை குட்டையாக, முகச்சாயம் ஒட்டாமலிருக்க சட்டைக் காலரில் காகிதத்தைச் செருகிக்கொண்டு. முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. அவன் பகுதியை ஒத்திகை பார்த்துவிட்டு டிரம் பக்கம் வந்து உட்கார்ந்தான்.

"புது ஆளு பரவால்லடா. பழக்கத்த விடல பாரு."

"எந்தப் பழக்கம்?"

"அதான், வெள்ளைக் கையுறை."

நான் திரும்பி வீக்ஸைப் பார்த்தேன். முதல் கேமராவின் பக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். வெறுங்கை. கையில் மயிர் கருகருவென்று இருந்தது.

"சோலி, அவர் எந்தக் கேமராகிட்ட நின்னாரு?"

"மூணாவது. ஏன்டா பேயறைஞ்ச மாதிரி பாக்கற? நான்தான நெஞ்சுவலிக்காரன்."

மூன்றாம் கேமரா எம்மெட்டின் இடம். நான் வாயைத் திறந்தேன். சொன்னால் அவன் நெஞ்சுக்கு ஆகாது என்று மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் எடுத்த முதல் கெட்ட முடிவு அதுதான்.

எட்டு மணிக்கு கேமராக்களின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. பாட்டு போயிற்று, நடனம் போயிற்று, தரை மெழுகு விளம்பரம் போயிற்று. எட்டு நாற்பத்தைந்துக்கு சோலி திரைக்கு முன்னால் வந்தான். எட்டு நிமிடம்தான் அவனுக்கு. பிறகு எல்லாரும் கூடி ஒரு பாட்டு, கும்பிடு, முடிந்தது.

"எங்க வீட்ல டெலிவிஷன் வாங்கியிருக்கோம். திரை எவ்ளோ சின்னதுன்னா, குண்டான ஆள் யாராவது வந்தா பாதி ஆளு இந்த வாரம், மீதி அடுத்த வாரம்."

சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது. டிஷ்.

எட்டு ஐம்பத்து மூன்றுக்கு வீக்ஸ் கழுத்தை அறுத்துக் காட்டினார்.

சோலி அவர் பக்கம் பார்க்கவில்லை. இடதுபக்கம், மூன்றாம் கேமராவின் பக்கத்து இருட்டைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். எங்களுக்கு மட்டும் புரிகிற தலையாட்டல் அது. சரி, இழுக்கிறேன் என்று அர்த்தம்.

அங்கே நானும் பார்த்தேன்.

இரண்டு வெள்ளைக் கையுறைகள். நெஞ்சு உயரத்தில், மெதுவாக, ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருந்தன. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றுமில்லை.

லவங்க வாசனை, கிணற்றில் தண்ணீர் ஊறுவது மாதிரி, கொட்டகையை நிரப்பிக்கொண்டு வந்தது.

முடிவு ராகத்தை நான் அப்போதே அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. பயத்தால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை வேறு. சோலி அன்று அப்படிச் சிரிக்க வைத்தான். இருபது வருடத்தில் அவனிடம் நான் கேட்காத ஜோக்குகள். ஒவ்வொன்றுக்கும் என் கை தானாகப் போய்த் தட்டியது. வெட்கமாக இருக்கிறது. மூன்று நிமிடம் போய்விட்டது.

அப்புறம்தான் ஃபேனி ஞாபகம் வந்து பெரிய தாளத்தில் ஓங்கி அடித்தேன். பேண்டு திடுக்கிட்டு முடிவு ராகத்தைப் பிடித்துக்கொண்டது. பெண்கள் ஓடி வந்தார்கள், பாடினார்கள், கை ஆட்டினார்கள். ஒன்பது மணி. சிவப்பு விளக்குகள் மூன்றும் அணைந்தன.

சோலி நிறுத்தவில்லை.

"எங்க மாமியார் ரயில்ல வந்தாங்க. ரயிலுக்கே இரக்கம் வந்து..."

கூட்டம் தங்களுக்கென்று கொசுறு கிடைத்ததாக நினைத்துச் சிரித்தது. கால் மணி நேரம் சிரித்தது. பிறகு ஒருவர் கோட்டை மாட்டினார். இன்னொருவர் எழுந்தார். நாற்காலிகள் டப் டப்பென்று மடங்கின. சோலி பேசிக்கொண்டே இருந்தான். வியர்வையில் முகச்சாயம் கோடு கோடாக வழிந்தது.

வீக்ஸ் மேடைக்கே ஏறிவிட்டார். "சார், ஒளிபரப்பு நின்னு இருபது நிமிஷம் ஆச்சு. வாங்க சார், உக்காருங்க."

நான் மறுபக்கத் தோளைப் பிடித்தேன். நனைந்த சாக்குபோல் கனத்தான். ஒரு ஜோக்குக்கும் அடுத்த ஜோக்குக்கும் நடுவில், உதட்டை அசைக்காமல், பழைய நாடகக்காரர்கள் பேசுவதுபோல் என்னிடம் கிசுகிசுத்தான்.

"கார்மி. அவன் இன்னும் விடலடா."

"யாரையும் பாக்காத சோலி. என்னப் பாரு."

"மூணு நிமிஷம் கேட்டேன்ல... எடுத்துக்கோங்கறான்டா."

உடனே பல்லைக் காட்டி, காலி நாற்காலிகளைப் பார்த்து, "எங்க வீட்டு டாக்டர் இருக்காரே..." என்று ஆரம்பித்தான்.

வீக்ஸ் நான் சொன்ன யோசனையைப் பிடித்துக்கொண்டார். விளக்கை அணைத்தால் கை தெரியாது, கை தெரியாவிட்டால் நிறுத்துவான் என்று நான்தான் உளறியிருந்தேன். அவர் ஓடிப்போய் பெரிய சுவிட்சை இறக்கினார்.

கொட்டகை கும்மிருட்டானது.

"...அந்த டாக்டர் சொல்றாரு, நீங்க ஓய்வெடுக்கணும் விண்டர்னு. நான் சொன்னேன்..."

என் கையையே எனக்குத் தெரியவில்லை. ஆனால் கையுறைகள் தெரிந்தன.

கேமராவின் பக்கத்தில் இல்லை. மேடைக்குக் கீழே, எங்களுக்கு எட்டடி தூரத்தில்.

அவை விரிவதை நிறுத்தின. ஒரு கணம் சும்மா நின்றன. பிறகு வலது கை உயர்ந்தது. ஒரு விரல் நீண்டு, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், இடமிருந்து வலமாக, நிதானமாகக் கோடு இழுத்தது.

சோலியின் குரல் நடு வார்த்தையில் நின்றது.

விளக்கு வந்தபோது அவன் என் காலடியில் கிடந்தான். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஃபேனியிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். அவள் அழவில்லை. "எத்தன மணிக்கு அடிச்சீங்க கார்மைன்?" என்று மட்டும் கேட்டாள். பொய் சொன்னேன்.

நான் ஏன் அந்த வேலையை விடவில்லை என்று வீட்டில் சண்டை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அடுத்து அந்த மேடையில் நிற்கப்போகிறவர் யாராக இருந்தாலும், அவருக்கு விஷயம் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்தத் தடவையாவது நேரத்துக்கு அடிக்க வேண்டும்.

நிகழ்ச்சி வியாபாரம், நிற்குமா? அடுத்த மாதமே ட்ரூடி கேபல் என்று ஒரு அம்மாளைக் கொண்டுவந்தார்கள். கேளிக்கை விடுதிகளில் பதினைந்து வருடம் அடிபட்டவள், வாய் துடுக்கு, நல்ல மனசு. முதல் நாள் மதியம் மூன்று மணிக்கு, ஊழியர்களின் குடும்பங்களை உட்கார வைத்து முழு ஒத்திகை. நான் மூன்றாம் கேமராவையே வெறித்துக்கொண்டு அடித்தேன். அங்கே இருட்டு இருந்தது, இருட்டு மட்டும்தான். லவங்க வாசனைகூட இல்லை. சரியாக எட்டு நிமிடத்தில் முடிவு ராகத்தை ஓங்கி அடித்து அவளை இறக்கினேன்.

நேரே என்னிடம் வந்தாள்.

"ஏங்க கார்மைன், இவ்ளோ அவசரம் எதுக்கு? பஸ்ஸ பிடிக்கணுமா? அந்தக் கையுறைக்காரர் இழு இழுன்னு காட்டிட்டே இருக்கார், நீங்க பாட்டுக்கு ஊத்தி மூடிட்டீங்க."

கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தேன். 

"ட்ரூடி, சொல்றதக் கேளு. ராத்திரி ஒளிபரப்புல அந்த ஆளப் பாக்கவே பாக்காத."

"எந்த ஆள? ரெண்டு பேர் இல்ல நின்னாங்க?"

"ரெண்டா?"

"ஆமா. பக்கத்துல கட்டையா குட்டையா ஒருத்தர், கையுறை இல்லாம. மூஞ்சி தெரியல. அவர் என்னப் பாத்து முடி, முடின்னு கழுத்த அறுத்து அறுத்துக் காட்டினார். கெஞ்சற மாதிரி இருந்துச்சு, பாவமா."

 சோலி, என் தங்கமே, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரைச் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறாய். ட்ரூடியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் குட்டையானவர் கையத்தான் பாக்கணும். ராத்திரி அவர் முடின்னா முடி. வேற யார் என்ன காட்டினாலும் கண்டுக்காத. எனக்கு சத்தியம் பண்ணு."

"பண்ணலாம்தான்," என்றாள் ட்ரூடி. "ஆனா ராத்திரி அவர் எப்படிக் காட்டுவார்? நான் இறங்கி வரப்போ அந்தக் கையுறைக்காரர் அவரோட ரெண்டு மணிக்கட்டையும் பிடிச்சு மெதுவா கீழ இறக்கிட்டார். அப்புறம் அவர் கைய விடவே இல்லையே."